விடியலில் துடிக்க மறுத்த கிரிஸ்டல்: ஒரு போர்செட்டுப் பெட்டியின் நிகழ்வு ஆய்வு

மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள், நான் செய்து பொருத்திக் கொடுத்த ஆறு போர்செட்டுத் தானியங்கிப் பெட்டிகளில் மூன்று, விடியற்காலையில் வேலை செய்ய மறுப்பதாக முறையீடு வந்தது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறு மன்னார்குடியை நோக்கி இறங்குகிற வழியில், அதன் இரு கரையிலும் உள்ள வயல்களில் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன. தாளடிப் பயிர் சூல் கட்டும் நேரம் அது. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28 நெருங்க நெருங்க, போர்த்தண்ணீரை நம்பியே பயிர் கரையேற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வேளையில், மும்முனை மின்சாரம் திரும்பியதும் மோட்டாரைத் தானாக ஓட்ட வேண்டிய பெட்டி விளக்குகூட எரியாமல் கிடப்பதை ஒரு சில்லறைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியின் அமைப்பு எளியது. மூன்று முனைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, கைபேசி அழைப்பை ஜிஎஸ்எம் மோடம் வழியாக ஏற்று, ஸ்டார்ட்டரின் காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சாவியை, இழுப்பதும் விடுவதும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரின், அதாவது ஒற்றைச் சிப்பில் அடங்கிய சிறு கணினியின், வேலை. அது அடியெடுத்து ஓடுவதற்கான துடிப்பைத் தருவது 8 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். சிப்புக்குள்ளேயே, மின்தடையும் மின்தேக்கியும் கொண்டு துடிப்பை உண்டாக்கும் ஓர் ஆர்சி அலையியற்றி உண்டு. ஆனால் தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்ட நிலையில் அது 10 சதவீதம் வரை விலகலாம் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. மோடத்தோடு தொடர்வரிசையில் பேசுவதற்கு 2 சதவீதத்துக்கு மேல் விலகல் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கொதிக்கும் கொட்டகையை மனத்தில் வைத்துத்தான் கிரிஸ்டலைத் தேர்ந்தேன். அந்தத் தேர்வு சரியானதே என்று இன்றும் நினைக்கிறேன். பிழை வேறிடத்தில் இருந்தது.

முதலில் முறையிட்டவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் விவசாயி. "வெயில் ஏறுனா தானா உசுரு வந்துடுது தம்பி. பனி இருக்கயில செத்த மாதிரி கெடக்குது. முந்தாநாளு மூடியக் கழட்டித் துணியால தொடச்சி வுட்டேன், அன்னைக்கு மட்டும் ஒண்ணும் பண்ணல" என்றார். நோயின் எல்லாக் கூறுகளும் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தன. ஆனால் நான் அதில் "விடியற்காலை" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்சாரம் திரும்பிய கணத்தில் சுற்றுவட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுகிறது என்று முடிவுகட்டினேன். டிரான்ஸ்பார்மரைச் சற்றுப் பெரியதாக மாற்றினேன். 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 சிப்புக்கு முன்னுள்ள 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 2200 ஆக்கினேன். குறை அப்படியே இருந்தது. பிறகு யோசித்தால், பெரிய மின்தேக்கி வழங்கு மின்னழுத்தத்தை இன்னும் மெதுவாக ஏறச் செய்கிறது. அலையியற்றி விழித்தெழுவதற்கு உதவும் திடீர் உதைப்பை அது மேலும் மழுக்குகிறது. அதாவது நோயைத் தீர்க்கப் போய் அதற்குத் தீனி போட்டிருக்கிறேன்.

ஒரு பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கிரிஸ்டலின் காலில், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை (தொடுமுனையை) மாட்டிவைத்து, இருநூறு முறை மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்துப் பார்த்தேன். இருநூறு முறையும் தொடங்கியது. அலை வடிவம் சுத்தமாக இருந்தது. குறையில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் விடியலில் அதே பெட்டி மறுபடியும் கிடந்தது. இந்த இருநூறு முறைச் சோதனை எப்படி என்னை ஏமாற்றியது என்பதை விளக்கினால்தான் இனிச் சொல்வது புரியும்.

ஓடுவதும் தொடங்குவதும்

கிரிஸ்டல் அலையியற்றியில் இரண்டே உறுப்புகள் முதன்மையானவை: தலைகீழாக்கும் ஒரு பெருக்கியும், அதன் வெளியீட்டை மீண்டும் உள்ளீட்டுக்குக் கொண்டுசெல்லும் கிரிஸ்டலும். கிரிஸ்டலின் இரு கால்களிலிருந்தும் தரைக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இருக்கும். 1920-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் பியர்ஸ் வகுத்த இந்த அமைப்புத்தான் இன்று ஏறக்குறைய எல்லா மைக்ரோகண்ட்ரோலர்களிலும் இருக்கிறது. சுற்று ஒருமுறை சுற்றி வரும்போது அலை தான் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்ப வேண்டும். அதன் உயரமும் குறையாமல் திரும்ப வேண்டும். இது ஜெர்மன் இயற்பியலாளர் பார்க்கௌசனின் நிபந்தனை.

ஆனால் அந்த நிபந்தனை ஓடிக்கொண்டிருக்கும் அலைக்கு உரியது. மின்சாரம் கொடுத்த கணத்தில் சுற்றில் அலை ஏதும் இல்லை. வெப்ப இரைச்சலும், வழங்கு மின்னழுத்தம் ஏறும்போது ஏற்படும் அதிர்ச்சியும் மட்டுமே இருக்கின்றன. அந்த இரைச்சலின் ஒரு துளி, கிரிஸ்டலின் அதிர்வெண்ணில் விழுந்த துளி, பெருக்கி வழியே சுற்றிச் சுற்றி வளர வேண்டும். வளர்வதற்குச் சுற்றின் பெருக்கம் ஒன்றாக இருந்தால் போதாது. ஒன்றைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். அலை வளர்ந்து பெருக்கியின் எல்லையை முட்டும்போது பெருக்கம் தானாகச் சுருங்கி, சரியாக ஒன்றில் வந்து நிற்கும். ஆகவே ஓடும் அலையியற்றி ஒவ்வொன்றிலும், அது கையிருப்பு நிறைந்ததாக இருந்தாலும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாலும், பெருக்கம் ஒன்றுதான். ஸ்கோப்பில் தெரிந்த அழகான அலை, இந்தச் சுற்று நாளை விடியலில் தொடங்குமா என்ற கேள்விக்கு அரைகுறையாகக்கூட விடை சொல்லவில்லை. இதை நான் பாடமாகப் படித்திருந்தேன். பட்டறையில் கைவேலையாகப் பார்க்கும்போது மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. பத்துக்கு ஒன்றாகக் குறைக்கும் சாதாரண புரோப், தொட்ட இடத்திலிருந்து தரைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பிகோஃபாரட் மின்தேக்கத்தையும் 10 மெகாஓம் மின்தடையையும் சேர்க்கிறது. கிரிஸ்டலின் காலில் உள்ள மின்தேக்கியே இருபது முப்பது பிகோஃபாரட் அளவுதான். அதோடு, நீளமான புரோப் வயர் சுற்றுப்புறத்து மின்காந்த இரைச்சலைப் பிடித்துக் கிரிஸ்டலின் காலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே நான் இருநூறு முறை சோதித்தது வயலில் இருக்கும் சுற்றை அன்று, புரோபும் சேர்ந்த வேறொரு சுற்றை.

கொட்டகையில் ஒரு விடியல்

பேட்டரியில் ஓடும் கையடக்க ஸ்கோப்பையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு, விடியற்காலை நான்கரை மணிக்கு அந்த அம்மாவின் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். வரப்புப் புல் முழங்கால் வரை நனைத்தது. கொட்டகையின் ஒரு மூலையில் யூரியா மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் அடுக்கியிருந்தன. பெட்டியின் இரும்பு மூடியைத் தொட்டால் கை ஈரமானது. மூடியின் உட்புறத்தில் டார்ச் வெளிச்சத்தில் முத்து முத்தாகப் பனி தெரிந்தது. மின்சாரம் நிற்கும் இரவு முழுவதும் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் குளிர்ந்து கிடக்கிறது. தகரக் கூரையும் இரும்புப் பெட்டியும் வெறும் காற்றைவிட விரைவாகக் குளிர்கின்றன. மின்சாரம் இருக்கும் நேரங்களில் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சூடே பெட்டியை உலர்வாக வைத்திருக்கிறது. நீண்ட நேர மின்நிறுத்தத்துக்குப் பின் மட்டும் குறை தோன்றுவதற்கு இந்த ஒரு காட்சியே போதிய காரணமாகத் தோன்றியது.

மின்சாரம் வந்தது. சிப்பின் வழங்கு காலில் 5 வோல்ட் சரியாக இருந்தது. ஆகவே என் முதல் கருத்து அங்கேயே விழுந்தது. விளக்கு எரியவில்லை. ஸ்கோப் புரோபின் முனையைக் கிரிஸ்டலின் உள்ளீட்டுக் காலில், அதாவது சிப்பின் 9-ஆம் காலில் வைத்தேன். முனை தொட்ட மறுகணமே விளக்கு மினுங்கி, காண்டாக்டர் படீரென்று இழுத்து, மோட்டார் கிளம்பியது. புரோபை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கி வடியும்வரை காத்திருந்து, மீண்டும் கொடுத்தேன், கிடந்தது. புரோபால் தொட்டேன், எழுந்தது. தொடுகிற கையே மருந்தாக இருக்கும் வரை நோயைப் பார்க்க முடியாது என்பதால், இனி 9-ஆம் காலைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

அடுத்த முறை கிடந்தபோது, பெருக்கியின் வெளியீட்டுக் காலாகிய 10-ஆம் காலில் மட்டும் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் பார்த்தேன். அந்தப் பக்கம் உள்மின்தடை குறைவு. மீட்டரின் 10 மெகாஓம் அங்கே பெரிய கெடுதல் செய்யாது. நலமாக ஓடும் பெட்டியில் அந்தக் காலின் சராசரி மட்டம் நடுவில் எங்கோ நிற்கும். இங்கே அது வழங்கு மின்னழுத்தத்தின் உச்சியை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பெருக்கி தன் நடுநிலையில் இல்லை. அதன் உள்ளீட்டை ஏதோ ஒன்று தரைப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நடுநிலையை விட்டு விலகிய பெருக்கிக்குப் பெருக்கம் ஏறக்குறைய இல்லை. பெருக்கம் இல்லாத இடத்தில் இரைச்சல் வளராது. புரோபின் உதைப்பு உள்ளீட்டை ஒருமுறை நடுநிலை வழியே தள்ளியதும் அலை பிறந்தது. பிறந்த அலை பெரியதாக இருந்ததால் தன்னைத் தானே தாங்கிக்கொண்டது.

ஏடிமெகா328பியில் 9-ஆம் காலுக்குப் பக்கத்துக் காலான 8-ஆம் கால் தரை. இரண்டுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். நல்ல வேளையாகச் சிப்பை ஐசி பேஸில்தான் செருகியிருந்தேன். மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்து, சிப்பைக் கழற்றி, பேஸின் 8, 9 துளைகளுக்கு இடையே மின்தடையை அளந்தேன். உலர்ந்த பலகையில் மீட்டர் எல்லையைத் தாண்டிவிடும் அந்த இடத்தில், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட மெகாஓம் காட்டியது. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, அந்தக் கால்களைச் சுற்றி மஞ்சள் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம். சால்டரிங் பேஸ்டின் எச்சம்தான் அது. அதன்மேல் வெண்மையாக ஏதோ தூசு படிந்திருந்தது. மூலையில் இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக் கசியும் பொருள்கள். ஈரத்தில் கரைந்த பொட்டாஷ் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

பெருக்கியின் நடுநிலையை நிறுத்துவது வெளியீட்டையும் உள்ளீட்டையும் இணைக்கும் ஒரு பெரிய பின்னூட்ட மின்தடை. இத்தகைய சிப்புகளில் உள்ள சாதாரண சிமாஸ் வகைத் தலைகீழாக்கியில் மாறுநிலை, அதாவது வெளியீடு புரளும் உள்ளீட்டு மட்டம், வழங்கு மின்னழுத்தத்தின் பாதியில் இருக்கும். உள்ளீட்டிலிருந்து தரைக்கு உள்ள கசிவு, பின்னூட்ட மின்தடைக்குச் சமமாகிவிட்டால், வெளியீடு உச்சிக்கே போனாலும் உள்ளீட்டுக்குப் பாதி மட்டுமே வந்து சேரும். கசிவின் மின்தடை அதைவிடவும் குறைந்தால் பாதியும் வராது, வெளியீடு உச்சியிலேயே சிக்கிக்கொள்ளும். நான் மீட்டரில் கண்டது இதைத்தான். துணியால் துடைத்தால் அன்றைக்கு மட்டும் ஓடியது ஏன் என்பதற்கும், வெயில் ஏறினால் தானாக எழுந்தது ஏன் என்பதற்கும் விடை இதுவே. அந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். "அப்ப உர மூட்டைய வேற எடத்துல வச்சிடுறேன்" என்று அவர் அன்றைக்கே அதை வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார்.

சிப் உறைந்துபோனால் அதைத் தானாக மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் ஏன் காப்பாற்றவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கெனச் சிப்புக்குள் தனியாக ஓர் அலையியற்றி உண்டு என்பது உண்மை. ஆனால் அதை முடுக்கும் கட்டளை என் நிரலின் தொடக்க வரிகளில் இருந்தது. கிரிஸ்டல் துடிக்காமல் முதல் வரியே ஓடாது. வேறு வழியில் முடுக்கியிருந்தாலும், மறுதொடக்கம் அதே துடிக்காத கிரிஸ்டலிடம்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்.

கையிருப்பை அளந்தது

மூன்று பலகைகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி உலர்த்தினேன். இரண்டு சரியாகிவிட்டன. பேஸ்ட் பயன்படுத்தாமல் ஈயக்கம்பியின் உள்ளிருக்கும் பிசினால் மட்டும் பற்றவைத்த மூன்று பலகைகள் ஏன் தொடக்கத்திலிருந்தே குறையின்றி ஓடின என்பதும் அப்போது தெளிந்தது. ஆனால் கழுவிய மூன்றாவது பலகை, குறைவாக என்றாலும், இன்னும் சில விடியல்களில் தவறியது. இங்கே நிறுத்தியிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். கசிவு ஒரு காரணம்தான். அந்தக் கசிவைத் தாங்க முடியாத அளவுக்குச் சுற்றின் கையிருப்பு ஏன் மெலிந்திருந்தது என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

கையிருப்பை அளக்க நல்ல வழி ஒன்று உண்டு, அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கிரிஸ்டலின் ஒரு காலைத் தூக்கி, அதோடு தொடராக ஒரு சிறு மின்தடையைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பின்னும் சுற்று தொடங்கினால், மின்தடையைக் கூட்ட வேண்டும். எந்த அளவில் தொடங்க மறுக்கிறதோ அதற்குச் சற்றுக் கீழான அளவையும், கிரிஸ்டலின் சொந்த மின்தடையையும் கூட்டினால் பெருக்கி எவ்வளவு இழப்பைத் தாங்குகிறது என்பது கிடைக்கும். அதைக் கிரிஸ்டலின் மின்தடையால் வகுத்தால் வருவதே கையிருப்பு. ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது என்பது இத்துறையில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. சுற்று தொடங்கிவிட்டதா என்று பார்க்கக் கிரிஸ்டலைத் தொடவும் தேவையில்லை: இந்தச் சிப்பில் உள்ள ஒரு ஃபியூஸ் அமைப்பை மாற்றினால் துடிப்பு 14-ஆம் காலில் தனியாக வெளிவரும், ஸ்கோப்பை அங்கே வைத்தால் அலையியற்றிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இங்கே ஃபியூஸ் என்பது சிப்பின் நிலையான அமைப்பைக் குறிக்கும் பிட்டுகள். மெயினில் போடும் ஃபியூஸ் அன்று.

என் கிரிஸ்டலின் தரவுத்தாளில் மின்தடை அதிகபட்சம் 60 ஓம். அதன் இரு தகடுகளுக்கும் இடையேயான மின்தேக்கம் 5 பிகோஃபாரட். நான் இரு கால்களிலும் போட்டிருந்த மின்தேக்கிகள் 33 பிகோஃபாரட். இரண்டும் தொடரில் நிற்பதால் அவற்றின் பங்கு 16.5, பலகையின் தடங்களும் சிப்பின் கால்களும் சேர்க்கும் 4 பிகோஃபாரட்டையும் கூட்டினால், கிரிஸ்டல் காணும் சுமை 20.5. அந்தச் சுமையோடு கிரிஸ்டலின் 60 ஓம் ஏறத்தாழ 93 ஓமாகத் தெரியும். தொடராகச் சேர்த்துப் பார்த்தபோது 100 ஓம் வரை தொடங்கியது, 120-இல் மறுத்தது. ஆக, தாங்கும் எல்லை 193 ஓம். கையிருப்பு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. உலர்ந்த பட்டறை மேசையில் இரண்டு மடங்கு போதும். பனி படிந்த பலகையில் போதாது.

இந்த 33 எங்கிருந்து வந்தது? என் கையின் பழக்கத்திலிருந்து வந்தது. நான் தொழில் கற்றது ஏடி89சி51 சிப்பில். அதன் தாள் கிரிஸ்டலுக்கு 30 பிகோஃபாரட், பத்து கூடவோ குறையவோ, என்று சொல்லும். டப்பாவில் எப்போதும் 33 இருக்கும். ஏடிமெகா328பியின் தாளோ 12 முதல் 22 வரை என்கிறது. வேறு சிப்புக்கு வந்தும் பழைய டப்பாவிலிருந்தே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

மின்தேக்கியின் அளவு ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்றால், அலை பிறப்பதற்குப் பெருக்கியிடம் தேவைப்படும் குறைந்தபட்சத் திறன், சுமையும் தகட்டு மின்தேக்கமும் சேர்ந்த தொகையின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக ஏறுகிறது. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் அப்படியே. பெருக்கித் திறன் என்று இங்கே சொல்வது, உள்ளீட்டில் ஒரு வோல்ட் மாறினால் வெளியீட்டில் எத்தனை மில்லிஆம்பியர் மாறுகிறது என்ற அளவு. 33 பிகோஃபாரட்டில் அந்தத் தொகை 25.5, தேவைப்படும் திறன் ஏறத்தாழ 0.39. மின்தேக்கியை 18 ஆக்கினால் சுமை 13, தொகை 18, தேவைப்படும் திறன் 0.20, சரிபாதி. காசு செலவில்லை, இரண்டு சின்ன உறுப்புகளை மாற்றினால் கையிருப்பு இரட்டிக்கிறது. மாற்றிவிட்டு மறுபடியும் தொடர் மின்தடையை ஏற்றிப் பார்த்தபோது, கணக்குச் சொன்னபடியே 100 ஓமில் நின்ற எல்லை 360 ஓமைத் தொட்டது. கையிருப்பு நான்கு மடங்கைத் தாண்டியது.

இதற்கு ஒரு விலை உண்டு. அதிக சுமைக்கென வெட்டப்பட்ட கிரிஸ்டலைக் குறைந்த சுமையில் ஓட்டினால் அதிர்வெண் சற்று மேலே போகும். இங்கே அது பத்து லட்சத்தில் நூறு, நூற்றைம்பது பங்கு அளவில் இருக்கும். மோடத்தோடு பேச அது ஒரு பொருட்டே அன்று. நேரம் காட்டும் கடிகாரத்துக்கு என்றால் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி பிசகும்; என் பெட்டியில் நேரத்தைத் தனிக் கடிகாரச் சிப் காப்பதால் அந்தக் கவலை இல்லை.

நான்கைத் தாண்டியும் ஐந்தை எட்டாததால், சிப்பின் ஃபியூஸ் அமைப்பையும் மாற்றினேன். இந்தச் சிப்பில் கிரிஸ்டலுக்கு இருவகை ஓட்டம் உண்டு: மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் மெல்லோட்டம், வழங்கு மின்னழுத்தத்தின் முழு வீச்சிலும் ஆடும் முழுவீச்சோட்டம். இரைச்சல் மிகுந்த சூழலுக்கு இரண்டாவதே ஏற்றது என்று தாளே சொல்கிறது. பேட்டரியில் ஓடாத, பக்கத்தில் காண்டாக்டர் பொறி பறக்கும் ஒரு பெட்டிக்கு மெல்லோட்டம் எதற்கு? கீழ்நிலை ஃபியூஸின் மதிப்பை, பதினாறடிமான எண்ணில், எஃப்எஃப் என்பதிலிருந்து எஃப்7 ஆக்கினேன். 680 ஓம் சேர்த்தும் தொடங்கியது, அதற்குமேல் சோதிக்கவில்லை. முழுவீச்சில் கிரிஸ்டலுக்குள் செலவாகும் ஆற்றலையும் கணக்கிட்டேன். அரை மில்லிவாட்டைச் சற்றுத் தாண்டுகிறது. நான் வாங்கிய உயரமான உலோகக் கூட்டு வகைக்கு 1 மில்லிவாட் வரை இடமுண்டு. பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டிவைக்கும் சின்னஞ்சிறு கிரிஸ்டல்கள் பல இதில் ஐந்திலொரு பங்கைக்கூடத் தாங்கமாட்டா. அவற்றுக்கு வெளியீட்டுக் காலில் ஒரு தொடர் மின்தடையாவது வேண்டும். இன்னொன்று: ஏடிமெகா328பிபி என்ற புதிய வகையில் முழுவீச்சோட்டம் கிடையாது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றிச் செருகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூங்கும் கிரிஸ்டல்

கழுவிய பின்னும் தவறிக்கொண்டிருந்த அந்த மூன்றாவது பலகைக்கு இவ்வளவும் செய்வதற்கு முன்னால், அதன் கிரிஸ்டலையும் நல்ல பலகையின் கிரிஸ்டலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்தேன். குறை கிரிஸ்டலோடு கூடவே போனது. அதை ஓடவிட்டு நிறுத்தி உடனே கொடுத்தால் நூறு முறையும் தொடங்கும். ஓர் இரவு முழுவதும் சும்மா கிடந்தால் காலையில் முதல் முறை மட்டும் முரண்டு பிடிக்கும். பழைய சுற்றில் அதன் தொடர் மின்தடை எல்லை காலையில் 47 ஓம், ஓடி ஓய்ந்த பின் 100 ஓம்.

இது கிரிஸ்டல் தொழிலில் நன்கு அறியப்பட்ட குணம். குவார்ட்ஸ் தகட்டின் மேலோ மின்முனைப் பூச்சிலோ நுண்ணிய துகளோ கீறலோ இருந்தால், மிகச் சிறிய அதிர்வில் அதன் இழப்பு அதிகமாக இருக்கும். அதிர்வு பெரிதான பின் இழப்பு குறைந்துவிடும். தொடக்கத்தில் உள்ள அதிர்வு இரைச்சல் அளவினது, ஆகவே கிரிஸ்டல் தன் மோசமான முகத்தைக் காட்டும் நேரமும் அலை பிறக்க வேண்டிய நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. தரவுத்தாளில் அச்சிட்ட 60 ஓம் ஓடும் நிலைக்கு உரியது. உதிரியாகப் பொட்டலத்தில் வாங்கிய கிரிஸ்டல்களில் இப்படி ஒன்று கலந்திருந்தது. ஐந்து மடங்கு கையிருப்பு என்ற அளவு வெறும் அச்சத்தால் வைத்ததன்று என்பதை இந்த ஒரு கிரிஸ்டலே எனக்குக் காட்டியது: 18 பிகோஃபாரட், முழுவீச்சோட்டம் என்று மாற்றிய பலகையில் இதே கிரிஸ்டல் ஒரு காலையிலும் தவறவில்லை. ஆனாலும் அதை வயலுக்கு அனுப்பவில்லை.

கடிகாரச் சிப்பின் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் இந்தச் சாக்கில் பார்த்துவிட்டேன். டிஎஸ்1307 என்ற அந்தச் சிப் 12.5 பிகோஃபாரட் சுமைக்கான கிரிஸ்டலைக் கேட்கிறது. வெளியே மின்தேக்கி வைக்கக் கூடாது. அங்கே கிரிஸ்டலின் மின்தடையே பல்லாயிரம் ஓம், ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது. கழுவாத பலகையில் கசிவு அதை இன்னும் எளிதாகக் கொல்லும். அந்தப் பகுதியையும் கழுவிப் பூசினேன்.

பனியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது

மார்கழி முடிந்துவிட்டால் சோதிக்கப் பனி கிடைக்காது. ஆகவே பலகையைப் பாலித்தீன் உறையில் போட்டு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, உள்ளே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கினேன். ஒரு நிமிடத்துக்குள் சிப்பின் முதுகு வியர்த்தது. மெயின் மின்சாரத்தை இந்தச் சோதனையின் அருகிலேயே கொண்டுவரவில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து குறைந்த மின்னழுத்தப் பகுதிக்கு மட்டும் கொடுத்தேன். வேறொரு சிறு சிப் ஒரு ரிலேயை இயக்கி, 10 நொடி கொடுத்து 20 நொடி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் பெட்டியின் "தயார்" விளக்கு எரிந்ததா என்று எண்ணிக்கொண்டது. நிறுத்திய 20 நொடிக்குள் மின்தேக்கிகள் முழுவதும் வடிய ஒரு மின்தடையையும் இணைத்தேன். பாதி வடிந்த நிலையில் திரும்பக் கொடுப்பது உண்மையான தொடக்கமாகாது. ஓர் இரவில் ஆயிரம் முறை.

பழைய அமைப்பு, கழுவாத பலகை: பனி படிந்த முதல் கால் மணி நேரத்தில் பாதிக்கும் மேற்பட்ட முறை தவறியது. வயலில் கண்டதைப் பட்டறையில் காண முடிந்தது அன்றுதான், அதன் பிறகே செய்த மாற்றங்களை நம்பத் துணிந்தேன். கழுவியது மட்டும்: ஏழு தவறு. கழுவி, 18 பிகோஃபாரட்டும் முழுவீச்சோட்டமும் கொண்டது: தவறு இல்லை. இதே பலகையின் கால்களுக்கிடையே வேண்டுமென்றே சிறிது பேஸ்டைத் தடவி மறுபடியும் பனியில் வைத்தபோது மூன்று முறை தவறியது. அதனால் கிரிஸ்டலுக்கு இணையாக வெளியே ஒரு 1 மெகாஓம் மின்தடையையும் சேர்த்தேன். இதே சிப்பைக் கொண்ட ஆர்டுயினோ யூனோ என்ற பயிற்சிப் பலகையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. 8 மெகாஹெர்ட்ஸில் அது அலைக்கு இடையூறு செய்வதில்லை. ஆனால் நடுநிலையை நிறுத்தும் பிடி வலுவாகிறது, இரண்டு மூன்று மெகாஓம் கசிவால் அதை அசைக்க முடிவதில்லை. பேஸ்ட் தடவிய பலகையும் அதற்குப் பின் ஆயிரத்துக்கு ஆயிரம் தொடங்கியது.

ஆறு பெட்டிகளையும் திரும்பப் பெற்று ஒரே மாதிரி மாற்றினேன். பேஸ்டைப் பட்டறையிலிருந்தே எடுத்துவிட்டேன். கழுவிய பலகையை வெயிலில் ஒரு நாள் உலர்த்தி, அதன்பிறகே அக்ரிலிக் பூச்சு அடிக்கிறேன். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெட்டியின் அடிப்பகுதியில் நீர் வடிய ஒரு துளையும், எறும்பும் பல்லியும் ஏறாதபடி அதற்கு ஒரு வலையும் வைத்தேன். தை மாதம் அறுவடை வரை ஆறு பெட்டிகளிலிருந்தும் ஒரே ஓர் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் மெயினில் ஒரு முனையின் ஃபியூஸ் போயிருந்தது, பெட்டி அதைச் சரியாகக் கண்டு மோட்டாரை ஓட்டாமல் நின்றிருந்தது.

இப்போது செய்யும் ஒவ்வொரு பெட்டியிலும், கிரிஸ்டல் வாங்கிய தொகுதி, மின்தேக்கியின் அளவு, ஃபியூஸ் அமைப்பு, எத்தனை ஓம் தொடர் மின்தடை வரை தொடங்கியது என்ற நான்கையும் மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைக்கிறேன். அந்தத் தூங்கும் கிரிஸ்டல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. புதிய பலகை எது வந்தாலும் முதல் நாள் இரவு அதைச் செருகி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எதையும் தொடாமல் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறேன்.